வெள்ளிக்கிழமை தாஜ்

அறுபதாவது பிறந்த நாளன்று, மறைந்த கணவரின் பழைய யாஷிகா காமிராவுடன் ஆக்ராவில் வந்திறங்கினார் அந்தப் புனே ஆசிரியை. "அடுத்த வருஷம்" என்றே காலத்தை ஓட்டியவர் போய் ஓராண்டு ஆகிறது. வந்ததோ வெள்ளிக்கிழமை. அன்று தொழுகைக்கு வருபவர்களுக்கு மட்டும்தான் தாஜ் மஹால் திறக்கும்.

ஆட்டோக்காரர் (ஆக்ராவில் இப்படியும் சிலர் உண்டு) யமுனையைக் கடந்து மேதாப் பாக் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார். எதிர்க்கரையில் தாஜின் முதுகு. நான்கு முகமும் ஒன்றுபோலத்தான், நஷ்டமில்லை.

1631-இல் பிரசவத்தில் இறந்த மும்தாஜின் சமாதி சரியாக நடுவில் இருக்கிறது. பின்னால் வந்து சேர்ந்த ஷாஜஹானுடையது ஒருபுறமாக. கட்டடத்தின் சமச்சீரைக் குலைப்பதும் அதுதான். உள்ளே படமெடுக்கத் தடை. சனிக்கிழமை வந்திருந்தாலும் அது காமிராவுக்குக் கிடைத்திருக்காது.

36 படங்களில் 35 தாஜ். கடைசியை ஆட்டோக்காரர் எடுத்தார். "நடுவில் வந்து நில்லுங்கள், மாதாஜி" என்று இருமுறை சொல்லியும் ஆசிரியை ஓரமாகவே நின்றார்.