புரோக்கருக்கு மட்டும் ஏன் பொறுப்பில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழோடு வந்த வீட்டுமனை இணைப்பில் வீடு வாங்குவோருக்கான அறிவுரைகளை ஒரு முழுப் பக்கத்துக்குத் தொகுத்திருந்தீர்கள். மூலப்பத்திரத்தைப் பாருங்கள், முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், வழக்கு ஏதும் உண்டா என்று விசாரியுங்கள் என்று வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். ஒவ்வொன்றும் சரியான அறிவுரைதான். ஆனால் படித்து முடித்ததும் கோபம்தான் வந்தது. பக்கம் முழுவதும் கடமை வாங்குபவருக்கு மட்டுமே இருக்கிறது. வீட்டைக் காட்டி, விலை பேசி, அட்வான்ஸ் கைமாற்றி, இரு தரப்பிலும் கமிஷன் வாங்கிக்கொண்டு போகிறவர் என்ன செய்ய வேண்டும், செய்யத் தவறினால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதுவதற்கு அப்படி ஒரு சட்டமே இங்கே இல்லை. அதைப் பற்றி ஆட்சியில் இருப்பவர்கள் யாரும் வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை.

ரெரா இருக்கிறதே என்று உடனே சொல்வார்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல சட்டம். அதன் 9-ஆம் பிரிவு முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. வாங்குபவருக்குச் சேர வேண்டிய தகவல்களும் ஆவணங்களும் அவர் கைக்குக் கிடைக்க முகவர் உதவ வேண்டும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்கிறது 10-ஆம் பிரிவு. மீறினால் 62-ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்த வீட்டின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். ஆனால் இவை எல்லாமே அந்தச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டிய புதிய திட்டங்களுக்குத்தான். ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவருக்கு விற்றுக் கொடுக்கும் புரோக்கர் இந்தச் சட்டத்தின் கண்ணில் முகவரே இல்லை. புதிய கட்டடமானாலும் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டால், பதிவு தேவையில்லை. சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டு சேர்ந்தாலும் 500-ஐத் தொடாது. பழைய தனி வீட்டை இடித்துவிட்டு ஆறு வீடு, எட்டு வீடு என்று கட்டி விற்கும் கட்டடங்கள் மாம்பலத்திலும் மடிப்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. நடுத்தரக் குடும்பம் வீடு தேடிப் போகும் இடமே இவைதான். பெரிய நிறுவனத்தின் இருபது மாடிக் கோபுரத்தில் வாங்குகிறவருக்குக் காவல் இருக்கிறது. எட்டு வீட்டுக் கட்டடத்திலும் பழைய வீட்டிலும் வாங்குகிறவருக்கு இல்லை. இந்த வேறுபாட்டை எந்த நியாயத்தால் ஏற்றுக்கொள்வது?

கமிஷனைப் பாருங்கள். வாங்குபவரிடம் ஒன்று முதல் இரண்டு சதவீதம், விற்பவரிடம் அதே அளவு என்பது சென்னையில் சாதாரணமாகக் கேட்கும் கணக்கு. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு தரப்பில் இரண்டு சதவீதம் என்றால் 1,60,000 ரூபாய். இரு தரப்பும் சேர்ந்தால் 3,20,000. உழைப்புக்குக் கூலி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "உங்களுக்காகப் பேசிக் குறைத்துத் தருகிறேன்" என்று வாங்குபவரிடமும், "நல்ல விலைக்கு முடித்துத் தருகிறேன்" என்று விற்பவரிடமும் சொல்லி, இருவரிடமும் கூலி வாங்குகிறவர் உண்மையில் யாருக்காகப் பேசுகிறார்? விலை ஏற ஏற அவர் கமிஷனும் ஏறுகிறது என்பதால் குறைத்துப் பேச அவருக்குக் காரணமே இல்லை. இதைவிட மோசமானது, சொந்தக்காரர் "என் கைக்கு இவ்வளவு வந்தால் போதும்" என்று சொன்ன தொகைக்கு மேல் வைத்துச் சொல்லி, இடையில் நிற்கும் பணத்தைத் தானே எடுத்துக்கொள்வது. வாங்குபவருக்கு விற்பவர் கேட்ட விலை தெரியாது, விற்பவருக்கு வாங்குபவர் கொடுத்த விலை தெரியாது. இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து விலை பேச விடாமல் பார்த்துக்கொள்வதே சிலருக்குத் தொழிலாகிவிட்டது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் 2010-இலேயே சொத்து முகவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அங்கே ஒரே பரிவர்த்தனையில் ஒரு முகவர் இரு தரப்புக்கும் வேலை செய்யக் கூடாது. வீட்டு விற்பனைப் பணம் அவர் கை வழியாகப் போகவும் கூடாது. அவர் பதிவு பெற்றவர்தானா என்பதைப் பொதுப் பதிவேட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதனால் அங்கே வீடு விற்பது நின்றுபோய்விடவில்லை.

பத்திரப் பதிவு நடக்கிறதே, அரசாங்கம் பார்த்துத்தானே பதிகிறது என்ற நம்பிக்கை நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. சொத்தின் மீது விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லி, அதற்காகத் தமிழக அரசு கொண்டுவந்திருந்த 55-ஏ(i) விதியையே செல்லாது என்று தள்ளிவிட்டது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். வாங்குபவரின் நிலையை மட்டும் எண்ணிப் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 80 லட்சத்துக்கு 7,20,000 ரூபாய் அரசுக்குக் கட்டுகிறார். பதிந்து கொடுப்பதைத் தவிர அரசு எதற்கும் பொறுப்பேற்பதில்லை. வங்கி வழக்கறிஞர் பத்திரம் பார்ப்பது வங்கியின் பணத்தைக் காப்பதற்காக. அதுவும் பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறிய பிறகுதான் நடக்கிறது. ஆக, அட்வான்ஸ் கொடுக்கும் அந்த நாளில் "டாக்குமென்ட் எல்லாம் கிளியர் சார்" என்று வாய்ச்சொல் கொடுக்கும் ஒரே ஆள் புரோக்கர்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்கப்படுகிறது. அந்தச் சொல் பொய்யானால் அவருக்கு ஒன்றும் ஆகாது. இதுதான் என்னை வதைக்கிறது.

அந்த அட்வான்ஸ் கைமாறும் விதமும் அப்படித்தான். அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது என்ற வருமான வரித் தடை 2015 ஜூன் முதலே இருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழகம் 2012-இலேயே சட்டத்தைத் திருத்தியது. இரண்டுமே வாங்குபவரைக் காக்கும் விதிகள். இரண்டையும் "வேண்டாம் சார், வீண் செலவு, ஆள் நம்ம ஆள்தான்" என்று சொல்லித் தாண்ட வைக்கிறவர் பல இடங்களில் புரோக்கரே. வழிகாட்டி மதிப்புக்கு வெள்ளையில், மீதி கையில் என்று பிரித்துக் கொடுப்பதும் அவர் ஏற்பாடுதான். பிறகு விற்பவர் பின்வாங்கினால், கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது, பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் மல்லாட வேண்டும்.

எதிர்வாதங்கள் தெரியும். ஒப்பந்தச் சட்டம் 1872 முதலே இருக்கிறது, முகவரின் கடமைகள் அதில் இருக்கின்றன, புதிதாக எதற்குச் சட்டம் என்பார்கள். தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் ஆதாயம் பார்த்தால் அதைத் திரும்பக் கேட்கலாம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் ஒன்றரை லட்ச ரூபாய் கமிஷனுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய யாரால் முடியும்? நுகர்வோர் ஆணையம் உண்டு என்பார்கள். கமிஷன் கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லாதவர் அங்கே போய் எதைக் காட்டுவார்? சிறு தரகர்களின் பிழைப்பு கெடும் என்பது அடுத்த வாதம். டீக்கடையில் உட்கார்ந்து வீடு காட்டுகிறவரும், அயர்ன் வண்டிக்காரரும், வாட்ச்மேனும் நாலு காசு பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை. வீடு இருக்கிறது என்று தகவல் சொன்னதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்ளட்டும். விலை பேசிச் சதவீதக் கணக்கில் லட்சங்களை வாங்குகிறவர் மட்டும் பதிந்துகொள்ளட்டும். பத்திரம் எழுதிக் கொடுத்துச் சில ஆயிரம் வாங்கும் பத்திர எழுத்தருக்கே அரசு உரிமம் கேட்கிறது, லட்சம் வாங்குகிறவருக்கு வேண்டாமா? பதிவு என்று வந்தால் லஞ்சம் பெருகும் என்ற வாதத்துக்குப் பதில் சொல்லவே மனமில்லை. லஞ்சத்தை ஒழிக்க முடியாத அதிகாரிகள் அதையே காரணம் காட்டிச் சட்டத்தை மறுப்பது அநியாயம்.

மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை என்றும் தட்டிக் கழிக்க முடியாது. விவசாய நிலம் அல்லாத சொத்து மாற்றமும் முகவர் ஒப்பந்தங்களும் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. ஹரியானா 2008-இலேயே, ரெரா வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே, சொத்துத் தரகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று தனிச் சட்டம் போட்டது. மகாராஷ்டிராவில் ரெரா முகவர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேற வேண்டும் என்று 2023-இல் அந்த மாநில ஆணையம் உத்தரவிட்டது. எல்லாவற்றிலும் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் தமிழகம் இதில் மட்டும் ஏன் கடைசியில் நிற்க வேண்டும்?

வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே ஒரு சட்ட முன்வடிவு வர வேண்டும். மறுவிற்பனை வீடுகளுக்கும் சிறு கட்டடங்களுக்கும் விலை பேசிச் சதவீதக் கமிஷன் வாங்கும் எவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். எந்தத் தரப்புக்காக வேலை செய்கிறார் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவதைத் தடை செய்ய வேண்டும். வாங்கிய கமிஷனுக்கு ரசீது தர வேண்டும். கிரயப் பத்திரத்திலேயே தரகரின் பெயரும் பதிவு எண்ணும் அவர் பெற்ற தொகையும் இடம்பெற வேண்டும். விற்பவர், வாங்குபவர், சாட்சிகள், எழுதியவர் எல்லாருடைய பெயரும் இருக்கும் அந்தப் பத்திரத்தில் இன்னும் ஒரு வரி சேர்ப்பது பதிவுத் துறைக்குப் பெரிய வேலை அல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை