டி.பி. மாத்திரையும் பாத எரிச்சலும்

காசநோயை 2025-க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு கெடு வைத்தது. கெடு முடிந்தது, நோய் முடியவில்லை. உலகில் டி.பி. வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர்.

மருந்து இலவசம். சாதாரண டி.பி. ஆறு மாதத்தில் குணமாகிறது. ஆனாலும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இருமல் நின்றதும் நிறுத்துகிறவர்கள் உண்டு. மருந்தின் தொல்லை தாங்காமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

காரணம் என்ன?

டி.பி. மருந்துகளில் முக்கியமானது ஐசோனியாசிட். இது உடம்பில் உள்ள பி-6 வைட்டமினைக் குறைத்துவிடுகிறது. நரம்புக்கு அந்த வைட்டமின் அவசியம். அது குறைந்தால் பாதம் எரியும். விரல் மரத்துப் போகும். ஊசி குத்துவது போல் இருக்கும். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் வேலை அசதி என்று நினைப்பார். வேறொருவர் 'மருந்து சூடு' என்று மாத்திரையை நிறுத்துவார். அங்கேதான் ஆபத்து. அரைகுறையாக மருந்து சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். அறையில் கூடத் தங்கியிருப்பவர்களுக்கும் நோய் பரவும்.

சென்னை கண்ட வழி

இதற்கு வழி நம் சென்னையிலேயே ஆராயப்பட்டது. 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், டி.பி. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. 1960-களில் அதே மையம், தினமும் சிறிய அளவு பி-6 கொடுத்தால் இந்த நரம்புத் தொல்லையைத் தடுக்கலாம் என்றும் கண்டது.

யாருக்கு அவசியம்?

எல்லோருக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை. சத்துக்குறைவானவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இவர்களுக்கு வழக்கமாக டாக்டர்கள் தினம் 10 மில்லிகிராம் பி-6 எழுதுவார்கள். எழுதாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் பி-6 மாத்திரையே நரம்பைக் கெடுக்கும். கண் மங்கினாலோ, மஞ்சள் காமாலை தெரிந்தாலோ வைட்டமின் உதவாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் கவனிக்கவும். அது பல ஆண்டுகளில் பி-12 வைட்டமினைக் குறைக்கலாம். கால் மரத்தால் 'சர்க்கரையால்தான்' என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

செய்ய வேண்டியது

டி.பி. நோயாளியின் சாப்பாட்டுக்கு அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நல்ல காரியம். அதோடு, மருந்து கொடுக்கும் இடத்தில் "கால் எரிகிறதா?" என்று நோயாளிக்குப் புரியும் பாஷையில் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். இந்தி, மராத்தி தெரியாத நம் தொழிலாளி, யாரும் கேட்காவிட்டால் தானாகச் சொல்ல மாட்டார்.

சிகிச்சை நடுவில் ஊருக்குப் புறப்படுகிறவர்கள் முன்கூட்டியே மருந்து மையத்தில் சொல்லுங்கள். நிக்ஷய் பதிவு எண்ணைக் கொண்டு சொந்த ஊரிலேயே மருந்தைத் தொடர ஏற்பாடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே அந்த எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.