சாவைப் பாடுகிறவர்கள்

பட்டினத்தார் பாடலை வீட்டில் சத்தமாகப் படிக்காதே என்று சொல்கிற பெரியவர்கள் அபிராமபுரத்தில் இன்னும் இருக்கிறார்கள். எனக்கோ ராத்திரி ஊர் அடங்கியதும் சாவைப் பாடுகிற பாட்டுதான் வேண்டியிருக்கிறது. அது பயத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது.

அமெரிக்காவில் இதற்கென்றே கோதிக் கன்ட்ரி என்று ஒரு வகை உண்டு. கிடார், பான்ஜோ, ஃபிடில் எல்லாம் கிராமத்துப் பாட்டுக்கானவைதான். பாடுவது கொலை, பாவம், பிசாசு, கைவிடப்பட்ட வீடுகளைப் பற்றி. டென்வரின் 'சிக்ஸ்டீன் ஹார்ஸ்பவர்' குழுவில் பாடிய டேவிட் யூஜின் எட்வர்ட்ஸின் தாத்தா ஒரு பிரசங்கியார். 1996இல் வந்த 'சாக்க்ளாத் அண்ட் ஆஷஸ்' ஆல்பத்தில் பேரனின் குரலிலும் நியாயத்தீர்ப்பு நாளின் நடுக்கம் கேட்கிறது. 'ஹேண்ட்சம் ஃபேமிலி' கணவன் மனைவி ஜோடி. ரென்னி எழுதுவார், பிரெட் மெட்டுப் போட்டுப் பாடுவார். அவர்களுடைய 'சிங்கிங் போன்ஸ்' 2003இல் வந்தது. அதில் ஒரு பாட்டு 2014இல் 'ட்ரூ டிடெக்டிவ்' தொடரின் முகப்பில் ஒலித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இந்த வகைக்கு முன்னோடி என்று நான் நினைப்பது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'. பெரும்பாலும் 1982 ஜனவரியில் நியூஜெர்சி வீட்டில், நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில், மாதிரிக்காகப் பாடி வைத்தவை. பிறகு குழுவோடு பாடிப் பார்த்தார், சரிவரவில்லை. அந்தக் கேசட்டில் இருந்ததையே வெளியிட்டார். மொத்தம் 10 பாட்டு, சுமார் 40 நிமிஷம். ஒன்றை மட்டும் கேட்டால் கதை. வரிசையாகக் கேட்டால் கொலைகாரனும் வேலையிழந்தவனும் ஒரே ஊர்க்காரர்களாகத் தெரிகிறார்கள். ஆல்பம் என்ற வடிவத்தின் பலம் இது.

கோதிக் கன்ட்ரிக்குச் சமமானது நம் சென்னையிலேயே இருக்கிறது: மரண கானா. தெருவில் ஷாமியானா, மாலை போட்ட படம், தபேலா, டோலக், கீபோர்டு. பாடகர் செத்தவரின் பெயரைச் சொல்லித் தொடங்குவார். அவர் பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குள் வரும். உறவுக்காரர் ஒருவர் காதில் சொல்லும் பெயர் அடுத்த அடியிலேயே சந்தத்தில் உட்கார்ந்துவிடும். அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் சிரிப்பதும் உண்டு. இதைப் பாடியே 'மரண கானா' விஜி என்று பெயர் வாங்கியவர் இருக்கிறார்.

இது திடீரென்று முளைத்ததல்ல. தாயின் சிதைக்கு முன் நின்று பாடியதாகச் சொல்லப்படும் பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூரில். நிலையாமையைப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியது தண்டையார்பேட்டையில். கானா வளர்ந்ததும் அதே வடசென்னையில்தான்.

ஆனால் நம்மில் பலருக்கு மரண கானா என்றால் 2014இல் 'மெட்ராஸ்' படத்துக்காக கானா பாலா பாடிய 'இறந்திடவா நீ பிறந்தாய்' மட்டுமே. அருமையான பாட்டு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு ராத்திரி முழுக்க நீளும் பாட்டு நமக்குத் தெரியாது.

2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா கானாவுக்கு மேடை கொடுத்தது. அடுத்து வேண்டியது ஆல்பம். குடும்பத்தின் சம்மதத்தோடு ஓர் இரவை, முதல் பெயரிலிருந்து விடியும்வரை, வெட்டாமல் ஒட்டாமல் பதிவு செய்ய வேண்டும். பாடியவர், வாசித்தவர் பெயரை உறையில் போட்டு, உரிய பணத்தையும் கொடுக்க வேண்டும். 'நெப்ராஸ்கா'வுக்குக் கேசட் ரெக்கார்டர் போதுமானதாக இருந்தது. நமக்கும் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. நல்ல மைக்கும், கடைசிவரை உட்கார்ந்து கேட்கிற பொறுமையும் போதும்.