நூலகத்தைச் சுற்றிக் காட்டியது போதும்

முதலாமாண்டு மாணவர்களை வரிசையில் நிறுத்தி நூலகத்தைச் சுற்றிக் காட்டும் வழக்கத்தை நம் கல்லூரிகள் இந்த வருடத்தோடு நிறுத்திவிட வேண்டும். மேம்படுத்துங்கள், நவீனப்படுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. நிறுத்துங்கள் என்கிறேன். அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "குறை சொல்றது ஈஸி சார்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

நான் திருவண்ணாமலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. அறிமுக வாரத்தில் ஒரு நாள், எழுபது எண்பது பேரை ஒரே தடவையில் நூலகத்துக்குள் அனுப்புவார்கள். நூலகர் பாவம், வருடா வருடம் ஒப்பிப்பதை ஒப்பிப்பார். இது குறிப்புதவிப் பகுதி, இது இதழ்ப் பகுதி, ஒருத்தருக்கு ரெண்டு புத்தகம், பதினாலு நாள், லேட் ஆனா ஃபைன், பையை வெளியில வை, போனை ஆஃப் பண்ணு, பேசாதே. நாற்பது நிமிடம். வெளியே வரும்போது ஒரு கையெழுத்து. 'நூலகப் பயன்பாட்டுப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று கோப்பில் ஏறிவிடும். நாக் குழு வந்தால் எடுத்து நீட்ட போட்டோவும் தயார்.

அந்த நாற்பது நிமிடத்தில் 'கேள்வி' என்ற சொல் ஒரு தடவைகூட வருவதில்லை. புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறோம். எதற்காக அதைத் தேட வேண்டும் என்று சொல்வதில்லை. பசிக்காதவனுக்குச் சமையலறையில் பருப்பு டப்பா எது, மிளகாய்த்தூள் டப்பா எது என்று காட்டுகிற கதைதான்.

இதன் விளைவு மூன்றாமாண்டில் தெரியும். புராஜெக்ட் கொடுத்தாக வேண்டும். பிள்ளைகள் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போவார்கள். போன வருட, அதற்கு முந்தின வருட ஆய்வேடுகள் அங்கே பென்டிரைவில் இருக்கும். பெயரும் வருடமும் மாறும், நன்றியுரையில் வழிகாட்டியின் பெயர் மாறும், பைண்டிங் புதிதாக இருக்கும். இப்போது அந்தக் கடை வேலையையும் சாட்ஜிபிடி எடுத்துக்கொண்டது. ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் படிக்கிற பழக்கமே இல்லை" என்று புலம்புவார்கள். மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது அவர்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து, இதற்குப் பதில் எங்கே கிடைக்கும் என்று தேட விட்டோமா? விடவில்லை. சொல்லிக்கொடுக்காத ஒன்று வரவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுவதில் என்ன நியாயம்?

இந்தப் பிள்ளைகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து, தண்டராம்பட்டிலிருந்து, கலசபாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பலர் அவரவர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். புத்தக அலமாரி உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு விஷயம் சந்தேகமாக இருந்தால் எதை எடுத்துப் பார்ப்பது என்று அப்பாவோ அக்காவோ சொல்லிவிடுவார்கள். நாற்பது நிமிடச் சுற்றுலா அவர்களுக்குப் போதும். இவர்களுக்கு அதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. கல்லூரியும் சொல்லவில்லை என்றால் வேறு யார் சொல்வார்கள்? வாட்ஸ்அப் சொல்லும். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

நூலக இயலுக்கே பிள்ளையார் சுழி போட்ட மண் இது என்று பெருமை பேசுகிறோம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து, 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதினார். அந்த ஐந்தையும் சட்டம் போட்டு நூலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அவற்றின் சாரம் எளிது: புத்தகத்தைக் காவல் காப்பது வேலையல்ல, வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் வேலை. அந்தச் சட்டத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, பையை வெளியில வை, போனை ஆஃப் பண்ணு என்கிறோம். சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. நல்லது, வரட்டும். அந்த வாசலுக்கு ஒரு கேள்வியோடு போகிற மாணவியை யார் தயார் செய்வது?

சரி, எப்படிச் செய்யலாம்? எங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம்.

திருவண்ணாமலையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் வல்லாள மகாராஜன் கதை தெரியும். பிள்ளை இல்லாத ராஜா. அண்ணாமலையாரே அவருக்குப் பிள்ளையாக வந்தார். அதனால்தான் இன்றும் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். கோயிலில் வல்லாள கோபுரம் இருக்கிறது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் இந்த ராஜாவின் கதை இருக்கிறது.

இதே ராஜாவை வரலாற்றுப் புத்தகத்தில் தேடினால் வேறொருவர் வருகிறார். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன். டெல்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பிறகு, கடைசிக் காலத்தில் திருவண்ணாமலையைத் தங்குமிடமாகக் கொண்டவர். 1342இல் மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் மதுரைக்கு வந்த மொரோக்கோ பயணி இப்னு பதூதா, மன்னரின் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தானே பார்த்ததாக எழுதியிருக்கிறார். இன்னொன்று: வல்லாளனுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மகன், நான்காம் வல்லாளன் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்.

புராணத்தில் பிள்ளை இல்லை, வரலாற்றில் மகன் இருக்கிறான். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "அப்போ நம்ம ஊர்ல சொல்றது பொய்யா சார்?" என்று கேட்டாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாற்பது நிமிடச் சுற்றுலாவில் ஒரு நாளும் நடக்காத விஷயம் அது. பொய்யா, மெய்யா என்பதோடு அந்தக் கேள்வி முடியாது. யார் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்? அவர்களுக்கு எப்படித் தெரியும்? போரில் செத்த ஒரு ராஜாவுக்குச் சாமியே பிள்ளையாக வர வேண்டும் என்று ஊர் ஏன் நினைத்தது? இந்தக் கேள்விகளோடு அனுப்பிப் பாருங்கள், நூலகத்தை யாரும் சுற்றிக் காட்ட வேண்டியிருக்காது. அவர்களே அலமாரி அலமாரியாகப் போவார்கள்.

ஆகவே என் யோசனை இது. ஒரு நாள் கூத்துக்குப் பதில், முதல் பருவத்தில் நான்கு வகுப்புகள். நான்கையும் பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து நடத்த வேண்டும்.

முதல் வகுப்பு கேள்விக்கு. உன் ஊரில் எல்லோரும் சொல்கிற, நீ சரிபார்க்காத ஒரு செய்தியைக் கொண்டு வா. ஏரிக்குப் பெயர் வந்த கதை, நடுகல், தெருப்பெயர், எதுவானாலும் சரி. செங்கத்துப் பிள்ளை தன் ஊர் நடுகற்களைக் கேள்வியாக எடுத்தால், மாநிலத் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிய வரும். பாட்டி மஞ்சள் பூசிக் கும்பிடுகிற கல் ஒரு புத்தகத்தில் எண் போட்டு இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு நூலகத்தின் மேல் வருகிற மரியாதையே வேறு.

இரண்டாவது வகுப்பு தேடுவதற்கு. வல்லாளன் என்று தேடினால் ஒன்று வரும், பல்லாளன் என்று தேடினால் வேறொன்று வரும். வெள்ளைக்காரன் ஆவணங்களில் எங்கள் ஊரின் பெயர் டிரினோமலி. 1767இல் ஹைதர் அலி படைக்கும் கம்பெனிப் படைக்கும் இங்கே நடந்த சண்டையைத் தேடுகிறவன் இந்தப் பெயர் தெரியாவிட்டால் பாதி ஆவணத்தைத் தவறவிடுவான். ஒரே பொருளுக்கு எத்தனை பெயர், எத்தனை எழுத்துக்கூட்டல் என்று யோசிக்க வைப்பதுதான் தேடல் பயிற்சி.

மூன்றாவது வகுப்பு ஒப்பிடுவதற்கு. குறைந்தது மூன்று வகைச் சான்று வேண்டும். எழுதிய நூல் ஒன்று, கல்வெட்டோ ஆவணமோ ஒன்று, வாய்மொழி ஒன்று. பள்ளிகொண்டாப்பட்டுப் பெரியவர் சொல்வதும் சான்றுதான், ஆனால் எதற்குச் சான்று என்று கேட்கக் கற்க வேண்டும். நான்காவது வகுப்பு எழுதுவதற்கு. ஒரே பக்கம். என்ன தேடினேன், எங்கே பார்த்தேன், எது கிடைக்கவில்லை. கிடைக்காததை எழுதினாலும் மதிப்பெண் உண்டு. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கை இந்த ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் நம் கல்லூரியில் யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை, நாமும் சேர்த்துத்தான்.

உடனே எழும் எதிர்ப்புகள் எனக்கு மனப்பாடம்.

"முதல்ல ஒழுங்கா ஒரு பத்தி எழுதக் கத்துக்கட்டும், ஆராய்ச்சி எல்லாம் பிஎச்.டி.யில பாத்துக்கலாம்." எழுதுவதற்கு ஒன்று இருந்தால்தானே பத்தி வரும்? நோட்ஸைப் பார்த்து எழுதுகிறவன் பத்து வருடம் எழுதினாலும் அடுத்தவர் பத்தியைத்தான் எழுதுவான்.

"எல்லா டேட்டாபேஸும் இங்கிலீஷ்ல இருக்கு சார்." ஆமாம், என்-லிஸ்ட்டில் உள்ள இதழ்களில் பெரும்பகுதி ஆங்கிலம்தான். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுக் கைகழுவினால் முதலாமாண்டுப் பிள்ளை முதல் பக்கத்திலேயே மூடிவிடும். ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் தமிழில்தான் இருக்கிறது, கைப்பேசியிலேயே திறக்கிறது. அங்கிருந்து ஆரம்பியுங்கள். கேள்வி சொந்தமாக இருந்தால் ஆங்கிலப் பக்கத்தையும் அகராதி வைத்துக்கொண்டு முட்டி மோதிப் படிப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

"ஏஐ வந்தாச்சு, இனி எதுக்கு இதெல்லாம்?" ஏஐ வந்ததால்தான் இதெல்லாம். இல்லாத புத்தகத்துக்குத் தலைப்பும் ஆசிரியரும் கொடுக்கிற இயந்திரத்தை, 'இது எங்கே இருக்கிறது, காட்டு' என்று கேட்கத் தெரிந்தவன்தான் பயன்படுத்த முடியும். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இணையத்தில் யாரை நம்பலாம் என்று கண்டுபிடிப்பதில் சரிபார்ப்பவர்கள் மற்ற இரு தரப்பையும் முந்தினார்கள். காரணம் சாதாரணம்: ஒரு தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிக்காமல், உடனே வெளியே வந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பேராசிரியர்களே ஏமாறுகிற இடத்தில் ஒரு பழக்கம் காப்பாற்றுகிறது என்றால், அதை முதலாமாண்டிலேயே பழக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

"ஆள் இல்லை." இது மட்டும் நியாயமான எதிர்ப்பு. நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்க, வேறு ஆசிரியரிடம் சாவியைக் கொடுத்து ஓட்டுகிற கல்லூரிகள் இருக்கின்றன. அந்த இடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்க வேண்டும், சத்தமாகவே கேட்க வேண்டும். நிரப்பிய பிறகும் அவரைப் புத்தகக் காவலராக உட்கார வைக்காமல் வகுப்புக்குள் ஆசிரியராக அனுப்ப வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் கோயில் சுவர் முழுக்க எழுத்து. அந்தக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1990இல் வெளியிட்டது புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம். தொகுத்தவர் பி.ஆர். சீனிவாசன். அவர்கள் செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சுவரை உரசிக்கொண்டு தினமும் நடக்கிற பிள்ளைக்கு அப்படியொரு தொகுப்பு இருப்பதே தெரியாது. 2002இல் இந்தியத் தொல்லியல் துறை கோயிலைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தபோது ஊரே எதிர்த்தது, பிறகு அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த அறிவிப்பில் என்னதான் எழுதியிருந்தது என்று எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நாளை இந்த மலையைப் பற்றி, இந்த ஏரிகளைப் பற்றி, இந்தப் பிள்ளைகளின் நிலத்தைப் பற்றி ஓர் அறிவிப்பு வரும். அன்றைக்கு அரசிதழைத் தேடி எடுத்து, 'இதில் இப்படி இருக்கிறது, நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்கள்' என்று கேட்கிற ஒரு ஆள் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும்.

அந்த ஆள் வருகிற ஜூனில் முதலாமாண்டில் வந்து உட்காரப் போகிறார். அவரை வரிசையில் நிறுத்தி அலமாரியைக் காட்டி அனுப்பிவிடாதீர்கள். ஒரு கேள்வியைக் கொடுங்கள். நான்கு வகுப்பு போதும். பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள், அதையும் பிள்ளைகளுக்குச் சான்றாக வைத்துப் பாடம் நடத்துகிறோம்.