முத்திரைக்கு அடங்காத விசுவாசம்

ஒருவர் இன்ன மதத்தினர், இன்ன சபையினர் என்று அறிந்தவுடனே, அவர் இன்ன விஷயத்தில் இன்னபடிதான் பேசுவார், இன்னாருடன்தான் சேருவார் என்று நாம் கணக்கிட்டு விடுகிறோம். இக்கணக்குப் பெரும்பாலும் பலித்தும் விடுகிறது. ஆனால் அது பலிப்பது அம்மதத்திற்குப் பெருமையா என்பதே கேள்வி. ஒருவருடைய பக்தி நாளைக்கு என்ன செய்யும் என்பதை அயலார் இன்றைக்கே சொல்லிவிடக் கூடுமாயின், அந்தப் பக்தியில் ஜீவன் இருக்கிறதென்பதற்கு அத்தாட்சி யாது? கிறிஸ்து மத விஷயத்தில் இக்கேள்விக்குத் தமது வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் பண்டிதை ரமாபாய்.

அவர் 1858-ம் வருஷம் மராட்டிய பிராமண குடும்பத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி, ஸ்திரீகள் ஸமஸ்கிருதம் கற்கலாகாதென்ற கட்டுப்பாட்டை மீறித் தம் மனைவிக்குக் கற்பித்தார். அவ்வம்மையார் மகளுக்குக் கற்பித்தார். பஞ்சத்திலே தாயும் தந்தையும் தமக்கையும் மாண்டனர். 1878-ல் கல்கத்தாப் பண்டிதர்கள் இந்த இளம் பெண்ணின் வித்வத்தைக் கண்டு வியந்து ‘ஸரஸ்வதி’ என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். வேறு ஜாதியினரான வங்காளி ஒருவரை 1880-ல் மணந்து, 1882-ல் கைக்குழந்தையோடு விதவையானார். மறுவருஷம் கல்வியின்பொருட்டு இங்கிலாந்து சென்றவர், அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார். பூனா கொதித்தெழுந்தது, மிஷனரிகள் மகிழ்ந்தார்கள்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. திரித்துவக் கொள்கையையும், கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும், குருமாரின் அதிகாரத்தையும் பற்றி அவர் கேள்வி மேல் கேள்வி எழுப்பினார். லத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவை தமக்கு வேண்டாம், ஸமஸ்கிருதம் பொறித்ததே வேண்டும் என்றார். ஆடவருக்கு அவர் பாடம் சொல்வது தகாதென்று பிஷப்புகள் தடுத்தபொழுது, பண்டிதர் சபைகளிலே பேசிப் பழகிய அவர் அதை வன்மையாக ஆட்சேபித்தார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியைப் பெருமுயற்சியால் உதறியவர், மற்றொன்றின் கீழ்த் தலையைக் கொடுக்க இசையவில்லை. ஆயினும் கிறிஸ்துவைவிட்டு அவர் விலகவும் இல்லை. எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று கேட்டவர்களுக்கு, கிறிஸ்துவினுடைய உலகப் பொதுச் சபையைச் சேர்ந்தவள் என்பதற்குமேல் அவர் விடை சொல்ல விரும்பவில்லை.

தாய்நாடு திரும்பி, 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா ஸதனத்தைத் தொடங்கினார். அவ்வருஷமே பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற சில பெண் பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். ரானடேயும் பண்டார்க்கரும் ஸதனத்திற்குத் துணைநின்றார்கள். மதவிஷயத்தில் ஸதனம் நடுநிலை வகிக்கும் என்பது உடன்பாடு. ஆனால் அவர் செய்த பிரார்த்தனையிலே பெண்கள் வந்து அமர்ந்தார்கள். சிலர் அவர் மதத்தை நாடினார்கள். ‘கேஸரி’ கடுமையாகத் தாக்கிற்று. 1893-ல் ரானடேயும் பண்டார்க்கரும் விலகிக் கொண்டார்கள். நம்பிப் பெண்களை ஒப்படைத்த பெற்றோரின் மனக்கலக்கத்தை நாம் அற்பமென்று தள்ள மாட்டோம். அதே சமயத்தில், தம் அறையில் கதவைத் திறந்து வைத்து ஜபம் செய்வதையும் அவர் விட்டுவிட வேண்டுமென்பது நியாயமாகுமா என்பதையும் வாசகர்கள் யோசிக்க வேண்டும்.

ஞானஸ்நானம் பெற்று எட்டு வருஷங்களுக்குப் பின், 1891-ல், தாம் அதுகாறும் கிறிஸ்து மதத்தைக் கண்டதேயன்றிக் கிறிஸ்துவைக் காணவில்லை என்று அவர் உணர்ந்தார். முடிந்துபோனதென்று பிறர் கருதிய யாத்திரை அவருக்கு அப்பொழுதுதான் மீண்டும் தொடங்கிற்று. 1896-97-லும் 1900-த்திலும் பஞ்சம் வந்தபொழுது, எலும்புந் தோலுமாய்த் திரிந்த பெண்களைத் தேடித் திரட்டி, பூனாவுக்கு அருகே கேட்காவில் தாம் நிறுவிய ‘முக்தி’ ஆசிரமத்திலே சுமார் 2,000 பேருக்குச் சோறும் தொழிலும் எழுத்தும் அளித்தார். 1897-ல் பூனாவில் பிளேக் பரவியபொழுது, பெண்கள் நடத்தப்பட்ட முறையைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். ஆளுவோரின் மதத்தைத் தழுவியவர் ஆளுவோரின் பக்கமே நிற்பாரென்று கணக்கிட்டிருந்தவர்களுக்கு இஃது ஏமாற்றமே.

முத்திரையில்லாத பக்தி கரையில்லாத வெள்ளம். இன்று ஒரு பக்கமும் நாளை ஒரு பக்கமும் பாயும் என்று சிலர் சொல்லக்கூடும். ரமாபாயின் சரித்திரம் இதை ஒப்பவில்லை. பிடிக்க வேண்டியதை அவர் இறுகப் பிடித்திருந்தார். அதனாலேயே மற்றவற்றை விட்டுவிட அஞ்சவில்லை. எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியிலே வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்தார். அவ்வேலையிலேயே தமது இறுதி வருஷங்களைச் செலவிட்டு, 1922 ஏப்ரல் 5-ந் தேதி காலஞ்சென்றார். நிலையற்ற மனம் இத்தகைய உழைப்பைத் தாங்குமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிஷப்புகளோடு வாதாடிய இளம் ரமாபாயைக் கொண்டாடும் சீர்திருத்தவாதிகள், முக்தி ஆசிரமத்தில் இரவும் பகலும் ஜபம் செய்வித்த முதிய ரமாபாயைக் கண்டு முகஞ்சுளிப்பதுண்டு. திறந்த பாதையென்றால், அது நமக்குப் பிடித்த ஊருக்கே போய்ச் சேர வேண்டுமென்பதில்லை. நமக்குப் பிடித்த இடத்தில் அவர் நின்றுவிட வேண்டுமென்று விரும்புவதும் முத்திரை குத்தும் புத்தியேயாம்.

தேசத் தொண்டில் ஈடுபட்டோர் இதைச் சிந்திப்பார்களாக. கிறிஸ்தவர் ஒருவர் பொதுவாழ்வுக்கு வந்தால், நீர் எந்தப் பக்கம் என்று நாம் கேட்கிறோம். எந்தச் சபை என்று அவர் மதத்தினர் கேட்கிறார்கள். இரு கேள்விகளும் ஒன்றே. அவரை எண்ணிக்கையிலே சேர்த்துக்கொள்வதே இரண்டின் நோக்கமும். ரமாபாயை இரு தரத்தாரும் தத்தம் கணக்கில் எழுதினார்கள். பிறகு இரு தரத்தாரும் அடித்தார்கள். அதற்கிடையே பசித்து வந்த பெண்களுக்கு முக்தியின் அடுப்பு அணையவில்லை. ஆகவே தம் பிஷப்பையும் நம் கமிட்டியையும் ஒருங்கே மறுத்துப் பேசும் கிறிஸ்தவர் ஒருவர் நம் முன் எழுந்து நின்றால், அவர் யாருடைய ஆள் என்று ஆராயாமல், சொல்வதை முழுவதும் கேட்போமாக. மனச்சாட்சி சொல்வதைச் சொல்லும் உரிமை அவருக்கு மறுக்கப்படுமாயின், அது நமக்கு மாத்திரம் நிலைத்திருக்குமென்று எதிர்பார்ப்பது வீண்.