பெயரில் மட்டும் தமிழா?

மொரிஷியஸ் தீவுக்காரர்களின் பெயர்களைப் படித்தால் நம் தாலுகா வாக்காளர் பட்டியல் நினைவுக்கு வரும். வீரப்பன் அங்கே வீராபென், ஆறுமுகம் ஆர்மூகம். கப்பலை விட்டு இறங்கியவனிடம் குமாஸ்தா பெயரும் தகப்பன் பெயரும் கேட்டு, தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டான். அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. நானும் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன்தான். ஒரு எழுத்து மாறினால் ஆளே மாறிப்போவான் என்பது தெரியும். பிரெஞ்சில் படித்தவன் என்பதால், அந்த எழுத்துக்கூட்டலுக்குள் இருக்கும் பழைய பெயரைக் கண்டுபிடிப்பது எனக்கு எளிது.

அப்படிப்பட்டவர்கள் சில சமயம் ஆரணிக்குப் பட்டு எடுக்க வருகிறார்கள். கடையில் நம் ஆட்கள், "பேரு தமிழ்ப் பேரு, வாயில ஒரு வார்த்தை வரலையே!" என்று சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" இந்த இரண்டுமே எனக்குப் பிடிப்பதில்லை.

அங்கே போனவர்கள் எல்லாரும் கரும்புத் தோட்டக் கூலிகள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்கு நூறு வருஷம் முன்பே, 1735-ல் லபூர்தொனே அங்கே கவர்னராக வந்தபோது, துறைமுகமும் கட்டடமும் எழுப்பப் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களை வரவழைத்தார். போர்ட் லூயியில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். பிரெஞ்சுக்காரன் வாயில் தமிழன் மலபார்தான்! அடிமையாக விற்கப்பட்டுப் போன நம்மவர்களும் உண்டு. அதை இங்கே யாரும் பேசுவதில்லை.

1810-ல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1834-க்குப் பிறகு சுமார் நான்கரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். அதில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் ஏராளம். ஆளுக்கு ஒரு எண். தோட்டத்தில் பல பாஷைக்காரர்கள் சேர்ந்து பேச கிரியோல்தான் உதவியது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும். பேச்சு போனதற்கு அவர்களைக் குற்றம் சொல்வதில் நியாயமே இல்லை.

போகாதது எவ்வளவு என்று பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. நமக்கே அது அண்மையில், 2021-ல்தான் கிடைத்தது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள் என்று பெரிய கிளர்ச்சி நடந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். பேசத் தெரியாத மொழிக்காகப் போராடியவர்கள்! கிரியோலிலும் கொத்தமல்லி 'கோத்தோமிலி', கறிவேப்பிலை 'காரிபுலே', முருங்கைக்கீரை 'ப்ரேத் முரும்'. கல்யாணத்தில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறார்கள்.

சிரிப்பவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளிடம் இன்றைய தினசரியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் கடல் கூடத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் குடியேற்ற ஏடுகள் இருக்கின்றன. அவற்றின் நகலோடு யாராவது வந்தால், முன்னோரின் ஊர்ப் பெயரும் சிதைந்துதான் இருக்கும். பழைய வட ஆர்க்காடு ஜில்லாவின் கிராமங்களை அறிந்த பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அது எந்த ஊராக இருக்கும் என்று நாலு பெயர் சொல்லிப் பார்க்கலாம். ஜாதியைக் கேட்க வேண்டாம். அதையும் அந்தக் குமாஸ்தா அன்றைக்கே எழுதி வைத்துவிட்டான்.