ஈரல் கெட்டால் குடிகாரர்தானா?

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் காலனியில் என் பெரியம்மா. ஒடிசலான உடம்பு, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால. பத்து வருசமா சக்கரை, அப்புறம் பிரஷர். வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்ததில் 'ஈரலில் கொழுப்பு, கிரேடு 2' என்று வந்தது. சீட்டைப் பார்த்த டாக்டர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். அடுத்த கேள்வி: "குடிப்பியா?" சாராய வாடையே ஆகாத மனுசி. "இல்லீங்க சார்" என்றது. "எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க, குறைச்சுக்கோ" என்று சீட்டை நீட்டினார். வெளியே வந்து பெரியம்மா என்னைக் கேட்டது: "ஏன்டா, நான் குடிகாரியா?"

சேரி என்றால் சாராயம், சாராயம் என்றால் ஈரல். இதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கிற கணக்கு. மருத்துவம் சொல்வது வேறு. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, மிஞ்சுகிற சக்கரை ஈரலில் கொழுப்பாகப் படிகிறது. கொழுத்த ஈரல் திரும்பவும் ரத்தத்தில் சக்கரையையும் கெட்ட கொழுப்பையும் கொட்டுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கிறது. கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாக மாற மாற, மாரடைப்பும் சிறுநீரகக் கோளாறும் நெருங்கி வருகின்றன. இந்த நோய் உள்ளவர்களில் ஈரல் கெட்டுச் சாகிறவர்களைவிட இதயம் நின்று சாகிறவர்களே அதிகம். ஒல்லியான உடம்பும் இதற்குத் தப்புவதில்லை.

2011லிருந்து வந்த விலையில்லா ரேசன் அரிசி நம்ம சனங்க பசியை ஆற்றியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பருப்பும் முட்டையும் கறியும் கூலிக்கு எட்டாதபோது, களி தின்ற தட்டில் மூணு வேளையும் அரிசி மட்டும்தானே மிஞ்சும்?

ஒன்று சொல்ல வேண்டும். குடிக்கிறவருக்கும் வைத்தியம் உரிமைதான். 2003லிருந்து கடை நடத்துவது அரசாங்கம், பழி மட்டும் நமக்கா? குடியும் சக்கரையும் சேர்ந்தால் ஈரல் இன்னும் வேகமாகக் கெடும் என்பதால் அவருக்குக் கூடுதல் கவனம்தான் வேண்டும், ஏச்சு அல்ல. நோயாளியைக் கூசவைக்கிறது என்றுதான் 2023ல் உலக மருத்துவர்களே இந்த நோயின் பழைய பெயரை மாற்றினார்கள். பெயர் மாறிவிட்டது. பார்வை?

2021 ஆகஸ்ட் 5ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். 2004 வரை அதுவும் நம்ம தர்மபுரி மாவட்டம்தான். சக்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கு வருகிறது. நல்லது. அதே 2021ல் மத்திய அரசும் இந்த ஈரல் நோயைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. அப்படியானால் சக்கரைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஈரலையும் பாருங்கள். ஸ்கேன் காட்டும் கிரேடு கொழுப்பின் அளவுதான், தழும்பைச் சொல்லாது. வயசு, ஈரல் நொதிகள் இரண்டு, ரத்தத் தட்டணுக்கள், இவற்றை வைத்துப் போடுகிற சின்னக் கணக்கே யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்துக் காட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கிற ரத்தமே போதும்.

பெரியம்மாவுக்கு அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. இதயத்தைப் பார்க்கவில்லை, சிறுநீரகத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இனி யாராவது "குடிப்பியா?" என்று கேட்டால் பதில் சொல்வோம். கூடவே நாமும் கேட்போம்: "சக்கரை இருக்கே, ஈரல்ல தழும்பு இருக்கான்னு பாத்தீங்களா சார்?"